பாக்கெட்டுக்கு ஒரு மடக்குக் கத்தி: தோட்டத்து ஊருக்கு எது பொருந்தும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோர், தாப்பா, சிலிம் ரிவர் பக்கத்து நண்பர்கள் கத்தி வாங்க நினைக்கும்போதெல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்தியா, மரப்பிடி வைத்த பிரெஞ்சுக் கத்தியா, இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கும் சீனக் கத்தியா, இல்லை, ஹார்ட்வேர் கடையில் தொங்கும் கட்டரே போதுமா? விலையும் கையைக் கடிக்கக் கூடாது, கத்தியும் கையைக் கடிக்கக் கூடாது.

இணையத்தில் தேடினால் பதில் நிறையக் கிடைக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்களுடைய காற்றும் சட்டமும் வேறு. செம்பனை உரமும் பலாப்பால் பிசினும் அவர்களுடைய கத்தியில் படப்போவதில்லை. அதனால் நம் ஊர் நிலவரத்தை வைத்து இந்த நான்கையும் எடை போட்டுப் பார்க்கிறேன்.

## முதலில், எதை அறுக்கப் போகிறோம்?

தோட்டத்தில் பெரிய வெட்டு வேலைகளுக்கெல்லாம் தனித்தனிக் கருவி இருக்கிறது. இளஞ்செம்பனையில் குலை வெட்ட உளி, உயர்ந்த மரத்துக்கு நீளக் கம்பில் கட்டிய அரிவாள், ரப்பர் பால்மரத்துக்குப் பால்வெட்டுக் கத்தி, புதருக்குப் பாராங் என்னும் நீள வெட்டுக்கத்தி. மடக்குக் கத்தி இவை எதற்கும் மாற்றாகாது. மாற்றாக்கப் பார்த்தால் ஒன்று கத்தி போகும், இல்லை விரல் போகும்.

மிஞ்சுவது சில்லறை வேலைதான். உரமூட்டையின் தையல் நூல், நைலான் கயிறு, நாற்றுப் பை, கடைக்கு வந்த அட்டைப் பெட்டி, மோட்டார் சைக்கிளில் உரிக்க வேண்டிய ஒரு ஒயர், மதியத்துக்கு ஒரு கொய்யா. ஒரு வாரம் உங்கள் கையைக் கவனித்துப் பாருங்கள். இந்தப் பட்டியலில் உங்களுக்கு எது அதிகம் வருகிறதோ, அதுதான் கத்தியை முடிவு செய்யும். எஃகின் பெயரை வைத்து முடிவு செய்பவர்கள்தான் பெரும்பாலும் ஆறு மாதத்தில் வேறு கத்தி தேடுகிறார்கள்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

துரு. நம் ஊரில் கத்திக்கு முதல் எதிரி இதுதான். ஈரக் காற்று, வியர்வை, மழை ஒருபுறம் இருக்கட்டும். தோட்ட வேலைக்காரருக்கு அதைவிடப் பெரிய வில்லன் உரம். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, அதாவது உப்பு. மூட்டை பிரித்த கத்தியைத் துடைக்காமல் மடக்கி, வியர்வையில் நனைந்த கால்சட்டைப் பைக்குள் போட்டால், சாதாரணக் கார்பன் எஃகு மறுநாள் காலையிலேயே பழுப்பாக நிற்கும். ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தாலும் அசட்டையாக இருக்க முடியாது. குளோரைடு அதிலும் ஊசி முனை அளவுக்குக் குழி போடும். அப்புறம் அந்தக் குழியிலிருந்துதான் துரு வளரும்.

அலகின் தடிமன். கடைக்காரர் சொல்ல மாட்டார், விளம்பரத்திலும் பெரிதாக வராது. ஆனால் ஒரு கத்தி நன்றாக அறுக்குமா என்பதை எஃகைவிட அதிகமாக முடிவு செய்வது இதுதான். முதுகு தடித்த கத்தி எவ்வளவு கூராக இருந்தாலும், கெட்டியான கொய்யாவில் பாதி இறங்கியதும் பழத்தைப் பிளக்கத் தொடங்கிவிடும். மெல்லிய அலகு சத்தமில்லாமல் கீழே வந்து சேரும்.

பூட்டு. விரித்த அலகு வேலையின் நடுவே மடங்காமல் நிற்க வேண்டும். சிலவற்றில் ஸ்பிரிங் அழுத்தம் மட்டுமே இருக்கும், சிலவற்றில் தனிப் பூட்டு இருக்கும். இழுத்து அறுக்கும் வேலைக்கு ஸ்பிரிங் போதும். முனையால் குத்தித் துளைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பூட்டு கட்டாயம்.

சட்டம். இதை யாரும் கேட்பதில்லை, நான்தான் வலியப் போய்ச் சொல்கிறேன். 1958ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதச் சட்டம் நம் நாட்டில் நடப்பில் இருக்கிறது. அதன் 6ஆம் பிரிவின்படி, சட்டபூர்வமான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, கூடவே பிரம்படி. ஆயுதம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம் மிக அகலமானது. தாக்கப் பயன்படுத்தினால் காயம் உண்டாக்கக்கூடிய எந்தக் கருவியும் அதற்குள் வந்துவிடும். ஆகவே ‘இது சின்னக் கத்திதானே சார்’ என்பது பதிலாகாது. எங்கே, எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் பேச்சு. காலை ஏழு மணிக்கு வேலை உடுப்போடு, உரம் போடப் போகும் வழியில் பையில் இருக்கும் கத்திக்கு ஒரு கதை இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு உணவுக்கடை வாசலில் அதே கத்திக்கு என்ன கதை சொல்வீர்கள்?

பொத்தானை அழுத்தினால் தானே விரியும் கத்தி இதில் இன்னொரு ரகம். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் அது பெயர் சொல்லியே வருகிறது. வெறுமனே வைத்திருப்பதே குற்றம். இணையத்தில் எவ்வளவு மலிவாகப் போட்டிருந்தாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

விலையும் மறைசெலவும். விலை கடைக்குக் கடை மாறும். ஆனால் வரிசை பெரும்பாலும் இதுதான்: கட்டர் அடிமட்டம், அடுத்து சீனக் கத்தி, அதற்கு மேல் அந்தப் பிரெஞ்சுக் கத்தியான ஒப்பினெல், உச்சியில் சுவிஸ் கத்தியான விக்டோரினாக்ஸ். வாங்கிய பிறகு கேட்கும் செலவைப் பார்த்தால் இந்த வரிசை கொஞ்சம் கலையும்.

## விக்டோரினாக்ஸ்

சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் 1884இல் கார்ல் எல்ஸனர் தொடங்கிய பட்டறை. இன்று நாம் பார்க்கும் சிவப்புக் கத்தியின் மூலவடிவம் 1897இல் வந்தது. நமக்குப் பொருந்துவது 91 மில்லிமீட்டர் நீள வரிசை. அதில் விலை குறைந்த ஸ்பார்ட்டன் போதும். பெரிய அலகு, சின்ன அலகு, டின் திறப்பான், பாட்டில் திறப்பான், துளையூசி, சின்னச் சாமணம், பல்குச்சி எல்லாம் வந்துவிடும். ஒயின் கார்க் எடுக்கும் திருகு நமக்கு எதற்கு என்று கேட்பார்கள். இறுகிப்போன நைலான் முடிச்சை அவிழ்க்க அதைப்போல் ஒன்று கிடையாது.

எஃகு மென்மையான ரகம், கடினத்தன்மை ராக்வெல் அளவில் 56 வாக்கில். கூர் சீக்கிரம் மழுங்கும், உண்மைதான். ஆனால் சாதாரணச் சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் திரும்ப வந்துவிடும். துருவைத் தாங்குவதில் இந்த நான்கில் இதுதான் முதல். உரத்தூசி பட்டால் வெந்நீரில் முக்கி, அலகுகளை நாலு முறை திறந்து மூடி, நன்றாகக் காயவிட்டு, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் முடிந்தது.

குறை இரண்டு. ஒன்று, ஸ்பார்ட்டனில் பூட்டு கிடையாது. முனையால் குத்தித் திருகினால் அலகு விரல்மேல் மடங்கும். இரண்டு, போலி. இரவுச் சந்தையில் சிவப்புப் பிடியும் சிலுவைச் சின்னமும் போட்ட கத்திகள் கொட்டிக் கிடக்கின்றன. அசலில் பெரிய அலகின் அடியில் நிறுவனப் பெயரும் சுவிஸ் தயாரிப்பு என்பதும் துல்லியமாகப் பொறித்திருக்கும். சுத்தியலும் கரண்டியும் சேர்ந்து வரும் ‘சுவிஸ் கத்தி’யைப் பார்த்தால் சிரித்துவிட்டு நடையைக் கட்டலாம்.

மறைசெலவு என்று பெரிதாக இல்லை. பொருளிலோ தயாரிப்பிலோ கோளாறு என்றால் ஆயுள் முழுக்க உத்தரவாதம் உண்டு. உண்மையான செலவு தொலைத்துவிடுவதுதான். மோட்டாரில் உட்காரும்போது பையிலிருந்து நழுவும் கத்தி விலை கூடியதாக இருந்தால் மனசு கூடுதலாக வலிக்கும். பிடியின் முனையிலுள்ள வளையத்தில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

சட்டக் கண்ணுக்கும் நான்கில் மிகச் சாதுவான தோற்றம் இதற்குத்தான். அதற்காக விலக்கு எதுவும் கிடையாது.

## ஒப்பினெல், எண் 8

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்த உழவர் கத்தி. பீச் மரப்பிடி, எட்டரை சென்டிமீட்டர் அலகு, எடை ஏறக்குறைய 45 கிராம். சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. கழுத்தில் இருக்கும் உலோக வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். இந்த வளையம் 1955இல் சேர்ந்தது. இப்போது வருபவற்றில் மடக்கிய நிலையிலும் பூட்டலாம்.

அறுக்கும் சுகத்தில் மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் வர முடியாது. அலகின் முதுகே 2 மில்லிமீட்டருக்குக் குறைவு. பீடோர் சாலையோரத்தில் கொய்யா நறுக்கும் கையைப் பார்த்திருப்பீர்கள். பழத்தை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலை நோக்கிக் கத்தியை இழுத்து, துண்டு துண்டாகப் பையில் தள்ளி, மேலே ‘அசாம் போய்’ என்னும் உப்பும் புளிப்புமான பிளம் தூளைத் தூவிவிடுவார்கள். அந்த வேலைக்குப் பிறந்த கத்தி இது.

ஆனால் இதை வாங்கும்போது ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும்: கார்பனா, இனாக்ஸ் எனப்படும் ஸ்டெயின்லெஸ்ஸா? கார்பன் எஃகு சீக்கிரம் கூராகும், கொஞ்சம் மலிவும்கூட. குளிர்நாட்டுக்காரர்கள் அதைத்தான் கொண்டாடுவார்கள். நம் ஊரில் எலுமிச்சையோ கொய்யாவோ அறுத்தால் அலகு சாம்பல் நிறமாகும், முதல் துண்டில் இரும்பு வாசனை வரும். அது பரவாயில்லை, நாளடைவில் அந்தச் சாம்பல் படலமே ஓரளவு காப்பாகிவிடும். உரத்துக்கு முன்னால் மட்டும் அந்தக் காப்பு எடுபடாது. தினமும் எண்ணெய் தடவும் பொறுமை இருந்தால் கார்பன், இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு இனாக்ஸ். என் தேர்வு இனாக்ஸ்தான்.

அடுத்த சங்கடம் பிடி. மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதும். இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் அலகு பிடிக்குள் இறுகி, நகம் ஒடிந்தாலும் வெளியே வராது. சவோய்க்காரர்களே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வளையத்தைத் திறந்து வைத்து, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகின் முதுகு தலைகாட்டும். அப்புறம் விரலால் இழுத்துக்கொள்ளலாம். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், புதிதாக வாங்கியதுமே பிடியை நன்றாகக் காயவைத்து, அலகு போகும் பிளவுக்குள்ளும் மூட்டைச் சுற்றியும் ஆளிவிதை எண்ணெயோ மெழுகோ ஊறவிட வேண்டும். விக்டோரினாக்ஸைப் போல் இதைத் தண்ணீரில் முக்கவே கூடாது.

ஒரு கையால் விரிக்க முடியாது, இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் நாற்றைப் பிடித்துக்கொண்டு வேலை செய்பவருக்கு இது தொல்லை. பழம் நறுக்குபவருக்கு ஒன்றுமே இல்லை.

## சீன மடக்குக் கத்தி

சீனத்தின் குவாங்டோங் மாநிலத்து யாங்ஜியாங் நகரம் கத்தித் தொழிலுக்குப் பேர்போனது. சான்ரென்மு போன்ற நிறுவனங்களின் கத்திகள் அங்கிருந்து வருகின்றன. கான்ஸோவும் இதே விலை வட்டத்தில் புழங்கும் சீனப் பெயர். மலிவு என்பதற்காக இவற்றை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. விலைக்கு மீறிய பொருத்தத்தோடு வருபவை நிறைய. ஒரு கையால் விரிக்கலாம், உள்ளே உறுதியான பூட்டு, பைவிளிம்பில் மாட்டக் கிளிப்.

எஃகில் இரண்டு பெயர் அடிக்கடி வரும். 8சிஆர்13எம்ஓவி என்பது அன்றாடத்துக்குப் போதுமான ஸ்டெயின்லெஸ். டி2 என்பது உலோகத் தகட்டை வெட்டும் அச்சுக் கருவிகளுக்கென்று பிறந்த எஃகு. கூர் நாள்கணக்கில் நிற்கும், அதனால்தான் இணையத்தில் எல்லோரும் டி2, டி2 என்கிறார்கள். அதில் குரோமியம் 12 விழுக்காடு வாக்கில் இருந்தாலும், பெரும்பகுதி கார்பனோடு சேர்ந்து கட்டுண்டு கிடப்பதால் துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. வியர்க்கும் பைக்குள் அது புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். தீட்டவும் நேரம் பிடிக்கும், சாதாரண ஹார்ட்வேர் கல்லில் கை வலிக்கும். தோட்டத்து ஊரில் டி2 வாங்குபவர் வைரப்பொடி பதித்த தீட்டுத் தகட்டுக்கும் சேர்த்துக் காசு எடுத்து வைக்க வேண்டும்.

அலகு பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் வாக்கில் தடித்திருக்கும். கயிறு, குழாய், ஒயர் என்றால் ஜம்மென்று போகும். பழம் என்றால் பிளக்கும்.

உள்தகட்டுப் பூட்டில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பிடிக்குள் ஒரு மெல்லிய தகடு வந்து அலகின் அடியைத் தாங்கி நிற்கும். மண்ணோ பிசினோ அங்கே சேர்ந்தால் தகடு முழுதாக வந்து உட்காராது. பூட்டியதுபோல் தெரியும், அழுத்தினால் மடங்கும். திருகுகளும் நாளடைவில் தளரும். அவை நட்சத்திர வாய்த் திருகுகள், வீட்டிலிருக்கும் சாதாரண ஸ்குரூ டிரைவர் நுழையாது. அதுவும் ஒரு மறைசெலவு.

கிளிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பைக்கு வெளியே பளிச்சென்று தெரியும் கிளிப், விரலால் சுண்டியதும் விரியும் அலகு, கறுப்புப் பூச்சு: பட்டறையில் இதெல்லாம் வசதி, சாலைச் சோதனையில் வீண் கேள்வி. வேலை முடிந்ததும் கருவிப்பெட்டிக்குள் போட்டுவிடும் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் இதை வாங்கலாம்.

## கட்டர்

மழுங்கிய நுனியை ஒடித்துப் போட்டுவிட்டு அடுத்த துண்டை வெளியே தள்ளும் அலகு ஜப்பானின் ஒசாகாவில் யோஷியோ ஒகாடா 1956இல் யோசித்து எடுத்தது. ஓல்ஃபா நிறுவனம் அதிலிருந்து வந்ததுதான். 9 மில்லிமீட்டர் அகலம் காகிதத்துக்கு, 18 மில்லிமீட்டர் அகலம் மூட்டைக்கும் அட்டைக்கும். கட்டர் மடங்குவதில்லை, பிடிக்குள் இழுத்துக்கொள்ளும். மடங்கியே ஆக வேண்டும் என்றால் சரிவக வடிவ அலகு போடும் மடக்குக் கட்டர் இருக்கிறது. ஒருபக்கம் மழுங்கினால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

கடையில் நாளெல்லாம் பெட்டி பிரிப்பவருக்கும், உரக் கொட்டகையில் மூட்டை பிரிப்பவருக்கும் இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பதுதான் என் கணக்கு. துருவைப் பற்றிக் கவலையில்லை, தீட்டவும் வேண்டாம். துருப்பிடித்த துண்டை ஒடித்தால் உள்ளே புதிது. தொலைந்தாலும் இரவு தூக்கம் வரும்.

மறைசெலவு அலகுதான். மலிவுக் கட்டரோடு வரும் மலிவு அலகு அடிக்கடி மாற்றச் சொல்லும். ஒடித்த துண்டுகளைக் கண்ட இடத்தில் எறிந்தால் செருப்பில்லாமல் ஓடும் பிள்ளைகள் காலில் ஏறும். மூடி போட்ட ஒரு பழைய மைலோ டின்னில் சேர்த்து வையுங்கள். கட்டரைப் பக்கவாட்டில் நெம்பக் கூடாது, அலகு தெறிக்கும். பழம் நறுக்கவும் வேண்டாம். அலகில் துருத் தடுப்பு எண்ணெய் பூசித்தான் அனுப்புவார்கள்.

## ஒரே பார்வையில்

| | ஸ்பார்ட்டன் | ஒப்பினெல் 8 இனாக்ஸ் | சீன மடக்கு | கட்டர் |
|---|---|---|---|---|
| விலை | கூடுதல் | நடுத்தரம் | குறைவு | மிகக் குறைவு |
| துரு தாங்குதல் | மிக நன்று | நன்று | எஃகைப் பொறுத்தது | மாற்றிவிடலாம் |
| பூட்டு | இல்லை | வளையம் | உள்தகடு அல்லது வேறு | தள்ளுபூட்டு |
| பழம் | நன்று | மிக நன்று | சுமார் | கூடாது |
| உரமூட்டை, கயிறு | நன்று | சரி, துடைக்க வேண்டும் | மிக நன்று | மிக நன்று |
| ஒரு கையால் | முடியாது | முடியாது | முடியும் | முடியும் |
| மறைசெலவு | தொலைத்தல், போலி | பிடிக்கு எண்ணெய் | கல், திருகுச் சாவி | அலகு |

## யாருக்கு எது?

பழக்கடை, வீட்டுத் தோட்டம், மதியச் சாப்பாட்டுப் பை என்றால் ஒப்பினெல் இனாக்ஸ்.

கங்காணி, ஓட்டுநர், ஆசிரியர் என்று பத்து விதச் சில்லறை வேலைக்கு நடுவே இருப்பவர்களுக்கு ஸ்பார்ட்டன். விலை கூடுதலாகத் தெரியும். ஆனால் டின் திறப்பானும் துளையூசியும் தனியாக வாங்கும் அவசியமில்லை. கிளையறுக்க வாள் வேண்டுமென்றால் இதே வரிசையில் ஹன்ட்ஸ்மேன் இருக்கிறது, கத்தரிக்கோலும் சேர்ந்தே வரும். அது பையில் தடிமனாக உட்காரும், சொல்லிவிட்டேன்.

மோட்டார் பட்டறை, ஒயரிங், குழாய் வேலை, ஒரு கை எப்போதும் எதையாவது பிடித்தபடி இருக்கும் தொழில் என்றால் சீனக் கத்தியில் 8சிஆர்13எம்ஓவி. டி2 வேண்டாம்.

மூட்டையும் பெட்டியும் மட்டும்தான் என்றால் கட்டர், நல்ல அலகாகப் பார்த்து.

இரண்டு வேலையும் உண்டு என்பவர்கள் ஒரே கத்தியில் எல்லாவற்றையும் அடக்கப் பார்த்துத் தவிக்க வேண்டியதில்லை. உரத்துக்குக் கட்டர், பழத்துக்கு ஒப்பினெல் என்று இரண்டாகப் பிரித்தால் ஒரு ஸ்பார்ட்டன் விலையை ஒட்டித்தான் வரும். உரம் பட்ட கத்தியால் பழம் நறுக்கும் அசிங்கமும் இருக்காது.

## கடையில் நிற்கும்போது

மடக்கிய நிலையில் அலகு பிடியின் நடுவில் உட்காருகிறதா என்று பாருங்கள். விரித்து, நுனியைத் தொடாமல் முதுகைப் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள். புதிதிலேயே ஆடினால் வாங்க வேண்டாம். பூட்டுள்ள கத்தி என்றால், விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிவிட்டு, முதுகை உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஒரு நூல்கூட இறங்கக் கூடாது.

கையோடு இருபக்கச் சாணைக்கல் ஒன்றும் வாங்கிவிடுங்கள், ஒருபக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். கல்லோடு அலகு ஏறக்குறைய 20 பாகை சாய்ந்திருந்தால் போதும். பலாப்பால் ஒட்டினால் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள், சோப்பு எடுபடாது. கால்சட்டையைத் துவைக்கப் போடும் முன் பையைத் தடவிப் பார்ப்பதும், விமானம் ஏறும் நாளில் கத்தியைக் கைப்பையில் வைக்காமல் சரக்குப் பெட்டியில் போடுவதும் உங்கள் பொறுப்பு.